'ப்ராப்ளம்' தவிர வேறு சொல்லே வரவில்லை: நிலைமையை ஆங்கிலத்தில் விவரிப்பது எப்படி?

கேள்வி: எனக்கு ஊர் வாணியம்பாடி. பி.காம் முடித்து ஆம்பூரில் ஒரு ஷூ ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசிங் பிரிவில் சேர்ந்திருக்கிறேன். வெளிநாட்டு பையர்களுக்கு (சரக்கை வாங்குபவர்களுக்கு) தினமும் மெயில் எழுத வேண்டும். இலக்கணம் ஓரளவு வரும். ஆனால் ஒரு நிலைமையை விவரிக்க வேண்டுமென்றால் 'ப்ராப்ளம்', 'சிச்சுவேஷன்', 'டிஃபிகல்ட்' இந்த மூன்றைத் தவிர வேறு சொல் வருவதில்லை. படித்துப் பார்த்துவிட்டு மேனேஜர், "என்ன நடந்துச்சுன்னே புரியலையேப்பா" என்கிறார். மனப்பாடம் செய்ய ஏதாவது பட்டியல் கிடைக்குமா?

பதில்: தம்பி, பட்டியல் வேண்டாம். ராணிப்பேட்டையில் தோல் ஏற்றுமதி அலுவலகத்தில் கடிதப் போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், பட்டியல் மனப்பாடம் செய்தவர்கள் எழுதியதை நிறையப் படித்திருக்கிறேன். ஒரு நாள் தாமதத்துக்கு 'கெட்டாஸ்ட்ரஃபி', அதாவது பேரழிவு என்று எழுதுவார்கள். கன்டெய்னர் துறைமுகத்திலேயே நின்றுபோனால் 'ஸ்மால் இஷ்யூ' என்பார்கள். சொல் தெரியும், அதன் எடை தெரியாது. பையருக்கு எடைதான் முக்கியம்.

உங்கள் சிக்கல் ஆங்கிலத்தில் இல்லை. அதற்கு ஒரு படி முன்னாலேயே, தமிழில் நினைக்கும்போதே தொடங்கிவிடுகிறது. ஆபீசில் உட்கார்ந்ததும் "பிரச்சனை ஆயிடுச்சு சார்" என்றுதான் மனதுக்குள் ஓடுகிறது. அப்படி நினைத்தால் கைக்கு 'ப்ராப்ளம்' தவிர வேறென்ன வரும்? வீட்டில் பேசும்போது நீங்கள் இப்படிப் பேசுவதில்லை. பாகப்பிரிவினை முடியாமல் வருஷக்கணக்கில் நீண்டால் இழுபறி என்கிறீர்கள். இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள் என்றால் தர்மசங்கடம். மாசக் கடைசியில் பணம் புரளவில்லை என்றால் நெருக்கடி. முன்னே போனாலும் அடி, பின்னே வந்தாலும் அடி என்றால் இருதலைக் கொள்ளி எறும்பு. இத்தனை வித்தியாசமும் உங்கள் நாக்கில் ஏற்கனவே இருக்கிறது. மெயில் எழுதும் முன் அரை நிமிஷம், 'இது எந்த மாதிரி பிரச்சனை?' என்று தமிழில் முடிவு செய்யுங்கள். ஆங்கிலச் சொல்லைத் தேடுவது அதற்கு அப்புறம்.

இழுபறியையே எடுத்துக்கொள்வோம். விலை பேசுகிறீர்கள். ஜோடிக்கு ஒரு டாலர் ஏற்றிக் கேட்கிறீர்கள், பையர் மறுக்கிறார், நீங்களும் இறங்கவில்லை. இரண்டு தரப்பும் விட்டுக்கொடுக்காமல் நிற்பது 'டெட்லாக்'. 'ஸ்டேல்மேட்' என்றும் சொல்லலாம். அது சதுரங்கச் சொல்: ராஜாவுக்கு செக் இல்லை, ஆனால் நகர்த்த வேண்டியவருக்கு நகர்த்த ஒரு காய்கூட இல்லை, ஆட்டம் டிரா. இனி யாருக்கும் வெற்றி கிடையாது என்ற நிறம் அதில் இருப்பதால், இன்னும் பேச விரும்பும் பையரிடம் அதை எழுதாதீர்கள். 'டெட்லாக்' உடையக்கூடியது. 'ப்ரேக் த டெட்லாக்' என்றே ஒரு வழக்கு உண்டு. 'டு ப்ரேக் த டெட்லாக், வி சஜஸ்ட்...' என்று தொடங்கினால் அடுத்து ஒரு யோசனை வருகிறது என்று எதிராளிக்குப் புரிந்துவிடும்.

'டைலம்மா' பலரும் தவறாகக் கையாளும் சொல். எந்தக் கலர் என்று தெளிவில்லை என்றால் அது டைலம்மா ஆகாது, 'வி ஆர் நாட் ஷ்யூர்' போதும். டைலம்மா என்றால் இரண்டு வழி இருக்க வேண்டும், இரண்டிலும் நஷ்டம் இருக்க வேண்டும். உங்கள் ஆலையிலேயே உதாரணம் கிடைக்கும். தோலின் ஷேட், பையர் ஒப்புதல் கொடுத்த சாம்பிளைவிட ஒரு பிடி கருப்பாக வந்துவிட்டது. அப்படியே அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைத்து அனுப்பினால் ரிஜெக்ட் ஆகலாம். தோலைத் திருப்பி அனுப்பி மறுபடி சாயம் போட்டால் கப்பல் போய்விடும். இதுதான் டைலம்மா. கொள்ளிக்கட்டை இரண்டு பக்கமும் எரிகிறது. ஆங்கிலத்தில் இதற்குக் கொம்பு கணக்கு: 'ஆன் த ஹார்ன்ஸ் ஆஃப் அ டைலம்மா' என்பார்கள். மெயிலில் கொம்பெல்லாம் வேண்டாம். இரண்டு வழியையும் இரண்டு வாக்கியமாக எழுதி, எதை விரும்புகிறீர்கள் என்று பையரிடம் கேளுங்கள்.

இக்கட்டுக்கு 'ப்ரெடிகமென்ட்'. மாட்டிக்கொண்டிருக்கிறோம், வெளியே வருவது எளிதில்லை என்ற பொருள். 'ப்ளைட்' என்ற சொல்லும் இதுபோலத் தோன்றும், ஆனால் அது அவலநிலை. வெளியில் நின்று இரக்கத்தோடு பார்க்கிறவர் சொல்லும் சொல் அது. மழையில் வீடிழந்தவர்களின் ப்ளைட் என்று பத்திரிகை எழுதும். 'ப்ளீஸ் அண்டர்ஸ்டாண்ட் அவர் ப்ளைட்' என்று கம்பெனி லெட்டர்ஹெட்டில் எழுதினால் கையேந்துவது போல ஆகிவிடும். நான் பார்த்த கடிதங்களில் என்னை மிகவும் வருத்தியது இந்த ஒரு சொல்தான். நேர்த்தியான செருப்பு தைத்து அனுப்புகிற ஊர், எழுத்தில் ஏன் இவ்வளவு குனிய வேண்டும்?

தர்மசங்கடத்துக்கு நேராக ஒரே சொல் கிடைக்காது. ஆள் முகத்தைப் பார்க்கக் கூசுகிற அளவு என்றால் 'ஆக்வர்ட்'. பேச்சை எச்சரிக்கையாக எடுக்க வேண்டும், ஒரு சொல் தவறினாலும் கெட்டுவிடும் என்றால் 'டெலிகேட்'. பையரின் ஏஜென்ட் கமிஷன் கேட்கிறார், பையருக்கு அது தெரியாது என்றால் டெலிகேட். பையர் வந்து நிற்கும்போது சாம்பிள் தயாராக இல்லை என்றால் ஆக்வர்ட்.

சின்னத் தடங்கல்களுக்கு ஆங்கிலத்தில் சொல்வளம் அதிகம். எல்லாவற்றையும் கற்க வேண்டியதில்லை. ஒரு சின்ன தடை, சீக்கிரம் சரியாகிவிடும் என்றால் 'ஹிட்ச்'. மெஷினோ சாஃப்ட்வேரோ கொஞ்ச நேரம் கோளாறு செய்தால் 'க்ளிட்ச்'. நன்றாகப் போய்க்கொண்டிருந்த வேலை பின்னுக்குத் தள்ளப்பட்டால் 'செட்பேக்'. ஒரு ஸ்டைல் ஃபிட்டிங் ட்ரையலில் தோற்று மறுபடி லாஸ்ட் (ஷூவுக்கு வடிவம் கொடுக்கும் கால் அச்சு) மாற்ற வேண்டியிருந்தால் அது செட்பேக்.

இதில் உங்களுக்கு அதிகம் பயன்படப்போவது 'பாட்டில்நெக்'. கட்டிங்கில் ஒரு நாளைக்கு ஆயிரம் ஜோடி வெட்டிவிடுகிறார்கள். ஸ்டிச்சிங்கில் எழுநூறுதான் முடிகிறது. அப்பரை அச்சில் ஏற்றும் லாஸ்டிங்கில் ஆட்கள் அப்பர் வராமல் சும்மா நிற்கிறார்கள். மொத்த ஆலையின் வேகமும் அந்த எழுநூறுதான். அகலமான இடத்திலிருந்து வருவது குறுகலான ஓரிடத்தில் நெரிபடுவதுதான் பாட்டில்நெக். சாயங்காலம் வேலூர் கிரீன் சர்க்கிளில் மாட்டியிருந்தால் இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. 'வி ஹாவ் ப்ரொடக்‌ஷன் ப்ராப்ளம்' என்பதற்கும் 'ஸ்டிச்சிங் இஸ் த பாட்டில்நெக்' என்பதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். இரண்டாவதைப் படிக்கிற பையர், இவர்களுக்குத் தங்கள் ஆலை தெரியும் என்று நினைப்பார்.

அடுத்து, நாம் தினமும் பேசும் தமிழுக்குள்ளேயே இருந்துகொண்டு ஆங்கிலத்தில் காலை வாரிவிடும் சொற்கள். இவற்றைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். நமக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பவை இவை.

முதலில் 'சீரியஸ்'. டாக்டர் ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய வைத்தியசாலைதான் இன்றைய வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை. மேற்கு வங்காளம், வடகிழக்கு, வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ நோயாளிகள் வருகிறார்கள். காந்தி ரோடு லாட்ஜ்களில் தமிழும் வங்காளமும் அரைகுறை இந்தியும் ஆங்கிலமும் கலந்தே பேச்சு நடக்கும். அங்கே நம்மவர் ஒருவர், "மை ஃபாதர் இஸ் சீரியஸ்" என்கிறார். தமிழில் "அப்பா சீரியஸா இருக்காரு" என்றால் உயிருக்கு ஆபத்து என்று எல்லோருக்கும் புரியும். ஆங்கிலத்தில் அந்த வாக்கியத்துக்கு முதலில் தோன்றும் பொருள், அப்பா விளையாட்டுக்குச் சொல்லவில்லை, உண்மையாகத்தான் சொல்கிறார் என்பது. 'ஹி இஸ் சீரியஸ்லி இல்' என்றோ 'ஹிஸ் கண்டிஷன் இஸ் சீரியஸ்' என்றோ சொல்ல வேண்டும். அமெரிக்க மருத்துவமனைகள் நோயாளியின் நிலையை வெளியே அறிவிக்கும் வரிசையில் குட், ஃபேர், சீரியஸ், க்ரிட்டிக்கல் என்று வைத்திருக்கிறார்கள். சீரியஸைவிட க்ரிட்டிக்கல் மோசம். நம் பேச்சில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. 'ஸ்டேபிள்' என்றால் இன்னும் மோசமாகவில்லை என்றுதான் பொருள், தேறிவிட்டார் என்று பொருள் இல்லை. இந்த ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டு ஊருக்கு நல்ல செய்தி சொல்லிவிடும் குடும்பங்கள் உண்டு.

'க்ரிட்டிக்கல்', 'கிரைசிஸ்' இரண்டும் ஒரே கிரேக்க வேரிலிருந்து வந்தவை. அதன் பொருள் முடிவு செய்வது. பழைய மருத்துவத்தில் கிரைசிஸ் என்றால், காய்ச்சல் இறங்கி ஆள் பிழைப்பானா, மாட்டானா என்று தீர்மானமாகும் திருப்புமுனை. இன்றும் அந்தச் சாயல் போகவில்லை. உடனே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும், எடுக்காவிட்டால் கைமீறிவிடும் என்ற இடத்தில்தான் கிரைசிஸ். வருஷம் முழுக்க நடக்கும் ஆள் பற்றாக்குறை கிரைசிஸ் ஆகாது, 'ஷார்ட்டேஜ்'தான்.

'டென்ஷன்' இன்னொன்று. "டென்ஷன் ஆயிட்டேன்" என்பதை 'ஐ பிகேம் டென்ஷன்' என்று எழுதவே கூடாது. கவலை என்றால் 'ஐ வாஸ் வரீட்', வேலைப்பளு என்றால் 'ஐ வாஸ் ஸ்ட்ரெஸ்ட்', எரிச்சல் என்றால் 'ஐ வாஸ் அனாய்ட்'. பாருங்கள், தமிழ்நாட்டு டென்ஷன் ஒன்றுக்குள் மூன்று உணர்ச்சி. ஆங்கிலத்தில் டென்ஷன் பெரும்பாலும் இரண்டு தரப்புக்கு இடையில் இருப்பது. 'டென்ஸ்' என்றால் வெடிக்கக் காத்திருக்கும் அமைதி. ஊழியர்களும் நிர்வாகமும் முறைத்துக்கொண்டிருக்கும் நாளில் ஆலை வாசலில் இருப்பது 'டென்ஸ் சிச்சுவேஷன்'. இரு கம்பெனிகளின் உறவு கசந்திருந்தால் 'ஸ்ட்ரெயின்ட்'.

'டைட்' மட்டும் நமக்குச் சாதகம். "பணம் டைட்", "டைம் டைட்" என்று நாம் சொல்வது ஆங்கிலத்திலும் அப்படியே செல்லும்: 'மணி இஸ் டைட்', 'த ஷெட்யூல் இஸ் டைட்'. 'அட்ஜஸ்ட்' செல்லாது. 'ப்ளீஸ் அட்ஜஸ்ட்' என்றால் வெளிநாட்டுக்காரர் எதைத் திருகச் சொல்கிறீர்கள் என்று யோசிப்பார். பொறுத்துக்கொள்ளுங்கள் என்றால் 'ப்ளீஸ் பேர் வித் அஸ்'. தேதி மாற்றித்தர முடியுமா என்றால் அதையே நேராகக் கேட்டுவிடலாம்.

'சர்க்கம்ஸ்டன்சஸ்' என்ற பெரிய சொல்லுக்கு வருவோம். லத்தீனில் சுற்றி நிற்பவை என்று பொருள். நம் சூழ்நிலையும் அதே கட்டுமானம்தான்: சூழ், நிலை. அதனால் 'சிச்சுவேஷன்' என்பதிலிருந்து இதைப் பிரிப்பது நமக்குக் கஷ்டமில்லை. நீங்கள் நிற்கும் இடம் சிச்சுவேஷன், உங்களைச் சுற்றி நின்று அந்த இடத்துக்குத் தள்ளியவை சர்க்கம்ஸ்டன்சஸ். ஏறக்குறைய எப்போதும் பன்மையில் வரும். நீதிமன்றச் செய்திகளில் சூழ்நிலைச் சாட்சியம் என்று படிக்கிறோமே, அது 'சர்க்கம்ஸ்டன்ஷியல் எவிடன்ஸ்'. 'அண்டர் த சர்க்கம்ஸ்டன்சஸ்' என்றால் இருக்கிற நிலைமையில் என்று பொருள். 'அண்டர் நோ சர்க்கம்ஸ்டன்சஸ்' என்று வாக்கியத்தைத் தொடங்கினால் அடுத்து வினைச்சொல் முன்னே வந்துவிடும்: 'அண்டர் நோ சர்க்கம்ஸ்டன்சஸ் ஷுட் த கார்ட்டன்ஸ் பி ஓப்பன்ட்'. பையர் இப்படி எழுதியிருந்தால் அது கட்டளை. வேண்டுகோள் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஏற்றுமதிக்காரர்கள் கைக்கு எளிதாக வரும் 'அன்ஃபோர்சீன் சர்க்கம்ஸ்டன்சஸ்' பற்றிக் கண்டிப்பாகவே ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு யாரும் முன்கூட்டியே எதிர்பார்க்காதவை என்று பொருள். வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் வருவது நமக்கு மட்டுமல்ல, இத்தனை வருஷமாக நம்மிடம் வாங்குகிற பையருக்கும் தெரியும். மழையில் தோல் காயவில்லை என்பதை அன்ஃபோர்சீன் என்று எழுதினால் அவர் நம்ப மாட்டார், அடுத்த முறை உண்மையைச் சொன்னாலும் நம்ப மாட்டார். 2021 நவம்பரில் வறண்டு கிடந்த பாலாறு கரைபுரண்டு ஓடியது வேறு. அதே வருஷம் டிசம்பரில் திருவலம் பக்கம் பொன்னையாற்று ரயில் பாலத்தில் பழுது கண்டுபிடிக்கப்பட்டு ரயில்கள் ரத்தானது வேறு. அவற்றை யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது. அப்படிப்பட்ட நாளுக்கு அந்தச் சொல்லைப் பத்திரமாக வைத்திருங்கள். ஒப்பந்தத்தில் இருக்கும் 'ஃபோர்ஸ் மெஷூர்' இதற்கும் மேலே ஒரு படி, யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லாத பெருநிகழ்வைக் குறிக்கும் சட்டச்சொல் அது. மேனேஜரைக் கேட்காமல் மெயிலில் எழுதவே கூடாது.

அந்த ரயில் விஷயத்திலேயே சில சொற்கள் கற்கலாம். ரயில் சேவை 'டிஸ்ரப்ட்' ஆனது, அதாவது தடைபட்டது. காட்பாடியில் மேலே போக வழியில்லாமல் நின்ற பயணிகள் 'ஸ்ட்ராண்டட்'. கரையில் தரைதட்டி நிற்கும் கப்பலிலிருந்து வந்த சொல் அது. டிராபிக்கில் நிற்பவர் வெறும் 'ஸ்டக்', இன்னும் அரைமணியில் போய்விடுவார். கஸ்டம்ஸில் சரக்கு நின்றால் 'ஹெல்ட் அப்'.

பெயரடைகளின் எடைக்கு நம் வட்டாரமே ஒரு பாடம் வைத்திருக்கிறது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றைக் கெடுத்தது பற்றிய வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் வழக்கு என்று சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். முன்னெச்சரிக்கைக் கொள்கையை விளக்கும் இடத்தில் அந்தத் தீர்ப்பு, 'சீரியஸ் அண்ட் இர்ரிவர்சிபிள்' சேதம் வரும் அபாயம் இருந்தால், அறிவியல் முழு உறுதி சொல்லவில்லை என்பதைக் காரணம் காட்டித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்கிறது. இரண்டே பெயரடை. ஒன்று சேதம் எவ்வளவு பெரிது என்று சொல்கிறது, மற்றொன்று அதைத் திருப்ப முடியாது என்று சொல்கிறது. 'வெரி வெரி பேட்' என்று எத்தனை 'வெரி' போட்டாலும் இந்தத் துல்லியம் வராது. பெயரடை தேடும்போது, எந்த விதத்தில் மோசம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நம்பிக்கை தெரியவில்லை என்றால் 'பிளீக்'. எந்த நேரமும் கவிழலாம் என்றால் 'ப்ரிகேரியஸ்'. நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுகிறது, சட்டென்று மோசமாகலாம் என்றால் 'வாலடைல்'. இன்னும் முடிவாகவில்லை, மாறிக்கொண்டிருக்கிறது என்று மட்டும் சொல்ல 'ஃப்ளூயிட்'. இப்படியே நீடிக்க முடியாது என்றால் 'அன்டெனபிள்'. இதைவிட அதிகம் சேர்த்து வைக்கத் தேவையில்லை.

நிலைமை நகர்கிறதா என்பதை வினைச்சொல் சொல்லும். மோசமாகிக்கொண்டு போனால் 'டிடீரியரேட்', சின்ன சச்சரவு பெரிதானால் 'எஸ்கலேட்', இறுக்கம் தளர்ந்தால் 'ஈஸ்', கைமீறினால் 'கெட் அவுட் ஆஃப் ஹாண்ட்'. அலுவலகத்தில் "மேலே எஸ்கலேட் பண்ணுறேன்" என்றால் மேலதிகாரிக்குக் கொண்டுபோவது. அதுவும் சரியான வழக்குதான், குழம்ப வேண்டாம்.

இப்போது உங்கள் மேஜைக்கு வருவோம். உங்கள் வகையில் ஒரு மெயில் இப்படி இருக்கும்: 'சார், வெரி வொர்ஸ்ட் சிச்சுவேஷன் ஹியர். ரெயின் ப்ராப்ளம், லெதர் ப்ராப்ளம். ப்ளீஸ் அண்டர்ஸ்டாண்ட் அண்ட் அட்ஜஸ்ட்.' 'வெரி வொர்ஸ்ட்' தவறு என்பதை விடுங்கள். என்ன நடந்தது, எவ்வளவு தாமதம், எது தப்பித்தது, என்ன கேட்கிறீர்கள், எதுவுமே இதில் இல்லை. இதையே இப்படி எழுதலாம்: 'ஹெவி ரெயின் ஹாஸ் ஸ்லோட் த ட்ரையிங் ஆஃப் த பிளாக் லெதர். கட்டிங் இஸ் ஃபோர் டேஸ் பிஹைண்ட் ஷெட்யூல். த பிரவுன் ஸ்டைல்ஸ் ஆர் நாட் அஃபெக்டட். குட் வி ஷிப் த பிளாக் பை த நெக்ஸ்ட் வெசல்?'

இதில் 'சிச்சுவேஷன்' ஒரு இடத்தில்கூட இல்லை, 'ப்ராப்ளம்' இல்லை, கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. 'பிஹைண்ட் ஷெட்யூல்', 'நாட் அஃபெக்டட்' என்ற இரண்டு சேர்க்கைகள்தான் வேலை செய்கின்றன. முதலாவது சேதத்தின் அளவைச் சொல்கிறது, இரண்டாவது அதற்கு எல்லை போடுகிறது. பதற்றத்தில் எழுதுகிறவர்கள் எப்போதும் விட்டுவிடுவது இந்த எல்லையைத்தான். கருப்புத் தோல் தாமதம் என்று படித்ததும் பையர் முழு ஆர்டரும் போச்சு என்று நினைத்துவிடுவார். பிரவுன் தப்பித்தது என்ற ஒரு வரி அவரை நிதானப்படுத்தும். 'டிலே சிச்சுவேஷன்', 'ரெயின் சிச்சுவேஷன்' என்று எழுதும் இடத்திலெல்லாம் 'சிச்சுவேஷன்' என்ற சொல்லை அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் வாக்கியம் நன்றாகவே நிற்கும்.

சொல் சேர்ப்பதற்கு, ஆங்கிலம் கற்பவர்களுக்கென்று இருக்கும் லேர்னர்ஸ் டிக்‌ஷனரிகளைப் பாருங்கள். செல்போனிலேயே இலவசமாகக் கிடைக்கும். ஆங்கிலம்–தமிழ் அகராதியில் 'ப்ளைட்', 'ப்ரெடிகமென்ட்' இரண்டுக்கும் அவலநிலை, இக்கட்டு என்று கலந்து போட்டிருந்தால் வித்தியாசம் பிடிபடாது. லேர்னர்ஸ் டிக்‌ஷனரியில் பொருளைவிட உதாரண வாக்கியங்களைப் படியுங்கள். எந்த வினைச்சொல்லோடு வருகிறது, முன்னால் 'இன்' வருகிறதா 'அண்டர்' வருகிறதா என்று பாருங்கள். அப்புறம் பையர்கள் உங்களுக்கு எழுதும் மெயில்கள். அவர்கள் தரப்பில் தாமதமானால் அதை எப்படிச் சொல்கிறார்கள் என்று கவனித்து, அந்த வாக்கியத்தை முழுசாக ஒரு நோட்டில் எழுதி, பக்கத்தில் அன்று என்ன நடந்தது என்று தமிழில் ஒரு வரி எழுதி வையுங்கள். ஜெர்மனியிலோ இத்தாலியிலோ இருந்து எழுதுகிற பையருக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை என்பதால் அவர்கள் எளிமையாகத்தான் எழுதுவார்கள். அந்த எளிமை உங்களுக்கு அப்படியே பொருந்தும்.